மேகக் கணிமை வழங்குநரைத் தேர்ந்தெடுத்தலும் ஒப்பந்தப் பேச்சும்

ஒரு நிறுவனம் தன் மென்பொருளை இயக்கவும் தரவுகளைச் சேமிக்கவும் வேறொரு நிறுவனத்தின் கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது மேகக் கணிமை எனப்படும். கிளவுட் என்பது பேச்சுவழக்கு. யாரிடம் எடுப்பது, என்ன விலைக்கு எடுப்பது, எந்த நிபந்தனைகளின் பேரில் எடுப்பது என்று முடிவு செய்வதே வழங்குநர் தேர்வு. நிபந்தனைகளில் எவற்றை மாற்றிக் கேட்க முடியும் என்று பார்ப்பது ஒப்பந்தப் பேச்சு. இந்தப் பேச்சில் பெரும்பாலோர் கவனம் மாத வாடகையிலேயே இருக்கும். ஆனால் வாடகைக்கு எடுத்தவர்கள் பின்னாளில் பட்ட சிரமங்களைப் பார்த்தால், அவற்றில் பல விலையால் வந்தவை அல்ல. கொடுத்தவர் நிறுத்திக்கொண்டால் அல்லது தாமே வெளியேற நேர்ந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டி எழுதிக்கொள்ளாததால் வந்தவை.

வாடகைக்குக் கிடைப்பவை

இன்று புழக்கத்தில் உள்ள முறை 2006ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் அமேசான் வெப் சர்வீசஸ் தரவுச் சேமிப்பிடத்தையும் ஆகஸ்டில் கணினித் திறனையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு நிறுவனம் சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியைச் சொந்தமாக வாங்க வேண்டும்; அல்லது மாதக் கணக்கில் முழுக் கணினியையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தருவது புதிதாக இருந்தது. பின்னர் மைக்ரோசாப்டின் அசூர், கூகுள் கிளவுட் ஆகியவை வந்தன. இந்தியாவிலும் பல வழங்குநர்கள் உள்ளனர்.

வாடகைக்குக் கிடைப்பவற்றை மூன்று படிகளாகப் பார்க்கலாம். முதற்படியில் வெறும் கணினியும் சேமிப்பிடமும் கிடைக்கும். அதில் எதை நிறுவுவது, எப்படிப் பாதுகாப்பது என்பது எடுத்தவர் பொறுப்பு. இரண்டாம் படியில் தரவுத்தளம் போன்ற கருவிகளை வழங்குநரே பராமரித்துத் தருவார். மூன்றாம் படியில் மின்னஞ்சல், கணக்கு மென்பொருள் போல முழுமையான பயன்பாடே கிடைக்கும். படி ஏற ஏற எடுப்பவருக்கு வேலை குறைகிறது. அதே அளவில் வெளியேறுவதும் கடினமாகிறது. வெறும் கணினியை எந்த வழங்குநரிடமும் வாங்கலாம். ஒரு வழங்குநர் மட்டுமே தரும் தரவுத்தளத்தின் மேல் கட்டிய மென்பொருளை வேறிடத்துக்கு மாற்ற, அதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

தூத்துக்குடியின் வாடகைக் கப்பல்

இந்த மேகக் கணிமைக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1906இல், தூத்துக்குடியில் வாடகை ஒப்பந்தம் ஒன்று முறிந்த கதை தமிழ் மாணவர்களுக்குப் பாடநூலிலிருந்தே தெரியும். பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகிலுள்ள ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அந்த ஆண்டு அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார்.

கம்பெனிக்கு அப்போது சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற நிறுவனத்தின் கப்பலை வாடகைக்கு எடுத்தே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டம் தொடங்கியது. அந்தத் தடத்தில் அதுவரை கோலோச்சிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி ஷாலைன் நிறுவனத்துக்கு நெருக்குதல் கொடுத்தது. ஷாலைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சரக்கும் பயணிகளும் தயாராக இருக்க, கப்பல் மட்டும் இல்லை. வ. உ. சி. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி ஓட்டத்தைத் தொடர்ந்தார். பிறகு வடநாடு சென்று நிதி திரட்டினார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907இல் கம்பெனிக்குச் சொந்தமாக வந்து சேர்ந்தன.

அடுத்து நடந்தது விலைப் போர். ஆங்கிலேயக் கம்பெனி கொழும்புப் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. ஆங்கிலேயக் கம்பெனி இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ. உ. சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

விடுதலைப் போராட்ட வரலாறாகவே படிக்கப்படும் இந்நிகழ்வை ஒரு வணிக ஒப்பந்தமாகவும் படிக்கலாம். வாடகைக்கு எடுத்தவர் கட்டணத்தில் குறை வைத்ததால் கப்பல் நிற்கவில்லை. கொடுத்தவரை மூன்றாம் ஒருவர் நெருக்கினார். அந்த நெருக்குதலுக்கு எதிராக எடுத்தவர் கையில் எதுவும் இல்லை. கொழும்பில் இன்னொரு கப்பல் கிடைத்ததுதான் கம்பெனியைக் காப்பாற்றியது. இதே வடிவிலான நிகழ்வு 2025இல் இந்திய நிறுவனம் ஒன்றுக்கு நேர்ந்தது. அது கீழே வருகிறது.

தேர்வுக்கு முன் கணக்கெடுப்பு

வழங்குநர்களின் விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் நிறுவனம் தன்னிடம் இருப்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். என்னென்ன மென்பொருள்கள் ஓடுகின்றன, எவ்வளவு தரவு இருக்கிறது, அது மாதந்தோறும் எவ்வளவு வளர்கிறது, எது எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் கணினிப் பிரிவினர் அல்லர், தொழிலை நடத்துபவர். தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தை நம்பி இயங்கும் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். கன்டெய்னர் உள்ளே செல்லக் கப்பல் நிறுவனம் குறித்த நேரத்துக்குள் ஏற்றுமதி ஆவணம் பதிவாகாவிட்டால் சரக்கு அந்தக் கப்பலைத் தவறவிடும். அங்கே ஆவண மென்பொருள் மூன்று மணி நேரம் நிற்பது பெரிய இழப்பு. அதே அலுவலகத்தின் சம்பளக் கணக்கு ஒரு நாள் முழுதும் நின்றாலும் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டுக்கும் ஒரே தரத்தில் வாடகை கொடுப்பது வீண்.

சொந்த சர்வரே போதுமா என்பதையும் இந்த இடத்திலேயே கேட்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அளவுக்குப் பதிவானது, தூத்துக்குடி நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் நீரில் நின்றன. தரைத்தளத்து அறையில் ஒரே சர்வரையும், அதே அறையின் அலமாரியில் அதன் பேக்கப்பையும் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அத்தகைய மழை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் சொந்தக் கணினி என்றாலே பிழை என்று ஆகிவிடாது. தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்துள்ள ஜோஹோ நிறுவனம் தன் சேவைகளைப் பிறரது மேகத்தில் அல்லாமல் தானே நடத்தும் தரவு மையங்களில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் டிராப்பாக்ஸ் அமேசானிலிருந்து தன் சேமிப்பின் பெரும்பகுதியைச் சொந்தக் கணினிகளுக்கு மாற்றியதால் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் இயக்கச் செலவு குறைந்ததாக, 2018இல் பங்கு வெளியீட்டுக்காகத் தாக்கல் செய்த ஆவணத்தில் காட்டியது. தேவை பெரிதாகவும் சீராகவும் இருந்து, பராமரிக்க ஆள்களும் இருந்தால் சொந்தமே மலிவு. ஏறி இறங்கும் தேவைக்கும், சிறிய நிறுவனத்துக்கும் வாடகை பொருந்தும்.

இடமும் தூரமும்

கணினி எங்கே இருக்கிறது என்பது இரண்டு காரணங்களால் முக்கியம். ஒன்று தாமதம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். கேபிள் வழியே 1,500 கி.மீ. தொலைவிலுள்ள மும்பைக்குத் தகவல் போய்வரக் குறைந்தது 15 மில்லிநொடி ஆகும். 14,000 கி.மீ. தாண்டி அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போய்வர 140 மில்லிநொடிக்குக் குறையாது. நடைமுறையில் இன்னும் கூடும். ஒரு திரை திறக்கப் பத்து முறை போய்வர வேண்டிய மென்பொருளில் இந்த வேறுபாடு ஒன்றேகால் நொடியாகப் பெருகிக் கண்ணுக்கே தெரியும்.

மைக்ரோசாப்ட் 2015இல் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் தரவு மைய மண்டலங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாத்திலும் திறந்தது. கூகுள் 2017இல் மும்பையிலும் 2021இல் தில்லியிலும் திறந்தது. ஆகவே தென்மாவட்ட நிறுவனம் ஒன்று நாட்டை விட்டு வெளியே தரவை அனுப்ப வேண்டிய கட்டாயம் இன்று இல்லை. ஆயினும் ஒரு வழங்குநரின் எல்லாச் சேவைகளும் எல்லா மண்டலங்களிலும் கிடைப்பதில்லை. மண்டலத்துக்கு மண்டலம் விலையும் மாறும். பேக்கப் எந்த மண்டலத்தில் வைக்கப்படும் என்பதைத் தனியே கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம் சட்டம்.

சட்டம் விதிக்கும் எல்லைகள்

தூத்துக்குடியில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கியது. இத்தகைய வங்கி எதுவாயினும் மேகக் கணிமையை எடுக்கும்போது விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட முடியாது. பணம் செலுத்தும் முறைகளின் தரவு இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியாருக்கு விடுவது பற்றி 2023 ஏப்ரலில் அது வெளியிட்ட நெறிமுறை அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. வழங்குநரைத் தணிக்கை செய்யும் உரிமை, ரிசர்வ் வங்கிக்கு ஆய்வு அனுமதி, வெளியேறுவதற்கான திட்டம் ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. வங்கிகளுக்கு இது கூடுதல் சுமை போலத் தோன்றலாம். உண்மையில் பேச்சு மேசையில் இது அவர்களுக்குப் பலம்: “இது எங்கள் விருப்பமன்று, ரிசர்வ் வங்கியின் விதி” என்று சொல்லும்போது வழங்குநர் இறங்கி வந்தாக வேண்டும். விதி இல்லாத பிற தொழில்களும் அதே நெறிமுறையை மாதிரியாக வைத்துக்கொண்டு கேட்பதற்குத் தடையில்லை.

எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதிகளும் உண்டு. இணையப் பாதுகாப்பு மீறல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணை பிறப்பித்தது. வழங்குநர் தம் பக்கத்து மீறலை மூன்று நாள் கழித்துச் சொன்னால் எடுத்தவர் நிலை சங்கடமாகும். ஆகவே எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வார் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவை வேறொருவர் கணினியில் வைத்திருந்தாலும் பொறுப்பு தரவைத் திரட்டிய நிறுவனத்துடையதே. போதிய பாதுகாப்பு செய்யாததற்கான அபராதம் 250 கோடி ரூபாய் வரை செல்லும்.

விலையைப் படிக்கும் முறை

விலைப்பட்டியலில் மூன்று வகை வாடகை இருக்கும். முதலாவது, எடுத்த நேரத்துக்கு மட்டும் கட்டும் பட்டியல் விலை. இரண்டாவது, ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ இவ்வளவு எடுத்தே தீருவோம் என்று வாக்குக் கொடுத்துப் பெறும் தள்ளுபடி விலை. மூன்றாவது, வழங்குநரிடம் சும்மா இருக்கும் திறனை மிக மலிவாகத் தருவது. அவருக்குத் தேவைப்படும்போது குறுகிய அறிவிப்பில் திரும்ப எடுத்துக்கொள்வார். அமேசானில் அந்த அறிவிப்பு 2 நிமிடம்தான். இடையில் நின்றாலும் மறுபடி தொடங்கக்கூடிய வேலைகளுக்கே அது ஏற்றது.

இரண்டாம் வகையில்தான் கணக்குப் பிசகும். தள்ளுபடி 30% என்றால், வாக்குக் கொடுத்தவர் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பட்டியல் விலையில் 70% கட்டுகிறார். எனவே ஒரு கணினி காலத்தின் 70 விழுக்காட்டுக்கு மேல் ஓடினால் வாக்குக் கொடுப்பது லாபம்; குறைந்தால் நட்டம். ஆண்டுக் கணக்கில் இது 8.4 மாதம். தூத்துக்குடிக் கடற்கரையின் இரு தொழில்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஒரு கடலுணவு ஏற்றுமதி நிறுவனத்தின் கணினித் தேவையில் ஒரு பகுதி அந்த இரு மாதங்கள் மட்டும் சும்மா கிடக்கிறது எனக் கொண்டால், அது 10 மாதம் ஓடுகிறது. 10 என்பது 8.4-ஐ விடப் பெரிது; தடைக்காலத்தில் வீணாவதாகத் தோன்றினாலும் முழு அளவுக்கும் வாக்குக் கொடுப்பதே மலிவு. பட்டியல் விலையில் மாதம் 1,00,000 ரூபாய் ஆகும் தேவைக்கு 10 மாதம் பட்டியல் விலை கட்டினால் 10,00,000. வாக்குக் கொடுத்தால் 12 மாதத்துக்கும் 8,40,000. மாறாக, உப்பளம் ஒன்றில் உற்பத்திக் காலத்தில் மட்டும் ஆறு மாதம் கூடுதல் கணினி வேண்டும் என்றால் 6 என்பது 8.4-க்குக் குறைவு. அங்கே பட்டியல் விலையில் 6,00,000 ரூபாயோடு முடிவதை 8,40,000 ஆக்கிக்கொள்வது தேவையற்றது.

இந்தக் கணக்கு ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: வாக்குக் கொடுத்த காலம் முழுதும் தொழில் அதே அளவில் நடக்கும் என்பதே அது. மூன்றாண்டுத் தள்ளுபடி ஓராண்டுத் தள்ளுபடியை விடக் கவர்ச்சியாக இருப்பதற்குக் காரணம், மூன்றாண்டு முன்கணிப்பின் ஆபத்தை எடுப்பவர் தலையில் ஏற்றுவதுதான். அதோடு, இருக்கும் தேவையே பெரும்பாலும் ஊதிப் பெருத்ததாக இருக்கும். மறந்துபோன சோதனைக் கணினிகள் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் அவற்றை நிறுத்திவிட்டு, எஞ்சியதற்கே வாக்குக் கொடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் வீணுக்குத் தள்ளுபடி வாங்கியதாக முடியும்.

நாணயமும் விலையின் பகுதிதான். 2014இல் 61 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2024இல் 83 ரூபாயைத் தாண்டியது. டாலரில் விலை சொல்லும் ஒப்பந்தத்தில் வழங்குநர் ஒரு காசு கூட்டாமலே வாடகை கூடும். ரூபாயில் ரசீது தருவது ஒன்று, ரூபாயில் விலையை நிலைநிறுத்துவது வேறொன்று. முன்னதைத் தந்துவிட்டுப் பின்னதைத் தந்ததுபோல் பேசுவது விற்பனையாளர் வழக்கம்.

மாதிரி எடுத்துப் பார்த்தல்

முத்துக்குளிப்புக் காலத்தை அறிவிப்பதற்கு முன், மன்னார் வளைகுடாவில் பார் எனப்படும் முத்துப் படுகைகளிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, கிடைக்கும் முத்துகளை வணிகர்களைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கமாக இருந்தது. மதிப்புத் தேறாவிட்டால் குளிப்பு இல்லை. மேகக் கணிமையிலும் அதுவே நல்ல வழி. வழங்குநர்களின் ஒப்பீட்டு அட்டவணைகளை விட, நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் ஒன்றை இரண்டு வழங்குநர்களிடம் ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது அதிகம் சொல்லும். புதிய வாடிக்கையாளருக்கு வழங்குநர்கள் தரும் இலவசத் தொகையை இதற்குப் பயன்படுத்தலாம். வேகம் மட்டுமன்றி, மாத முடிவில் வரும் ரசீது புரிகிறதா, இரவு 11 மணிக்கு உதவி கேட்டால் எவ்வளவு நேரத்தில் யார் பதில் சொல்கிறார்கள் என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

சேவை உறுதியின் பொருள்

99.9% நேரம் சேவை இருக்கும் என்ற உறுதியின்படி 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம். 99.99% என்றால் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். 99.5% என்பது கேட்க உயர்ந்ததாக இருந்தாலும் 3 மணி 36 நிமிடம். உறுதி மீறப்பட்டால் கிடைப்பது நட்ட ஈடு அன்று, அடுத்த ரசீதில் ஒரு கழிவு மட்டுமே. அமேசானின் பொது விதிப்படி, கணினிச் சேவை ஒரு மண்டல அளவில் 99.99 விழுக்காட்டுக்குக் குறைந்து 99 வரை இருந்தால் கழிவு 10%. அதையும் குறித்த காலத்துக்குள் எடுத்தவரே கேட்டுப் பெற வேண்டும், தானாக வராது. மாதம் 50,000 ரூபாய் கட்டும் சுங்க முகவருக்கு அது 5,000 ரூபாய். கப்பலைத் தவறவிட்ட கன்டெய்னரின் இழப்போடு இதற்குத் தொடர்பே இல்லை. நிலையான ஒப்பந்தங்கள் பலவற்றில் வழங்குநரின் மொத்தப் பொறுப்பும் முந்தைய 12 மாதங்களில் கட்டிய தொகைக்குள் அடங்கிவிடும். ஆகவே சேவை உறுதியைக் காப்பீடாக எண்ணி நிம்மதி அடைவதை விட, நின்றால் எப்படிச் சமாளிப்பது என்று தாமே ஏற்பாடு செய்வதுதான் நடைமுறை.

பேச்சு மேசையில்

சிறிய நிறுவனத்துக்குப் பேரம் பேச இடமே இல்லை என்பது பாதி உண்மை. இணையத்தில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தும் பொது ஒப்பந்தத்தில் ஒரு வரியையும் மாற்ற முடியாது. ஆனால் மறுவிற்பனை முகவர் வழியாகத் தள்ளுபடி, ரூபாய் ரசீது, தமிழில் உதவி, இடம்பெயரும் செலவில் பங்கு ஆகியவற்றைக் கேட்கலாம். உள்நாட்டு வழங்குநர்கள் ஒப்பந்த வரிகளிலும் வளைந்து கொடுப்பதுண்டு.

பெரிய நிறுவனங்களின் பேரம் வேறு அளவில் நடக்கிறது. ஸ்னாப்சாட் செயலியின் உரிமையாளரான ஸ்னாப், 2017இல் பங்கு வெளியீட்டுக்காகத் தாக்கல் செய்த ஆவணங்களில், கூகுளிடம் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 40 கோடி டாலர் எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்ததைத் தெரிவித்தது. அமேசானிடமும் ஐந்து ஆண்டுகளில் 100 கோடி டாலர் எடுப்பதாக இன்னொரு வாக்கு. இங்கே தொகையை விடக் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதல் நான்கு ஆண்டுகளில் எடுக்காமல் விட்ட அளவில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிக்கொள்ளும் உரிமையைக் கூகுளிடம் பெற்றிருந்தது ஒன்று. இரண்டு வழங்குநர்களை வைத்துக்கொண்டது மற்றொன்று.

தள்ளிக்கொள்ளும் உரிமை சிறிய அளவிலும் கேட்டுப் பெறத்தக்கது. அதுபோல, ஒப்பந்தக் காலத்தில் பட்டியல் விலை குறைந்தால் அந்தக் குறைப்பும் தமக்குக் கிடைக்க வேண்டும் என்று எழுதலாம். தள்ளுபடி எந்தெந்தச் சேவைக்குப் பொருந்தும் என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். ‘எல்லாவற்றுக்கும்’ என்று வாயால் சொன்னது ரசீதில் வராது. காலமும் ஒரு கருவி. விற்பனையாளருக்குக் காலாண்டு இலக்கு உண்டு. காலாண்டின் கடைசி வாரத்தில் கிடைக்கும் சலுகை முதல் வாரத்தில் கிடைக்காது. எடுப்பவருக்கோ பழைய ஒப்பந்தம் முடியும் தேதிதான் பலவீனம். அதற்கு ஆறு மாதம் முன்பே பேச்சைத் தொடங்கினால் அந்தப் பலவீனம் தெரியாது. மாற்று வழங்குநரிடம் ஏற்கெனவே ஏதேனும் ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் ‘வேறிடம் போவோம்’ என்ற பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

வெளியேறும் வழி

குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு 49 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பங்கு உண்டு. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்த தடைகள் நயாராவையும் தொட்டன. சில நாள்களில் மைக்ரோசாப்ட் அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டிப் பெற்ற உரிமங்கள் இருந்தும், தங்கள் சொந்தத் தரவையே அணுக முடியவில்லை என்று நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. அம்மாத இறுதிக்குள் சேவைகள் மீண்டன. இந்திய மண்ணில் இயங்கும் நிறுவனம். தடை விதித்தது ஐரோப்பா. நிறுத்தியது அமெரிக்க நிறுவனம். ஷாலைன் கப்பலைப் போலவே இங்கும் எடுத்தவர் மீது வாடகைக் குறை எதுவும் இல்லை.

வேறு வகை நிகழ்வும் உண்டு. 2024 மேயில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனிமேகம் முழுவதையும் கூகுள் கிளவுட் தவறுதலாக அழித்துவிட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் மேலாகத் தம் கணக்குகளைப் பார்க்க முடியவில்லை. இரண்டு இடங்களில் நகல் இருந்தும் இரண்டுமே ஒரே கணக்கின் கீழ் இருந்ததால் சேர்ந்தே போயின. வேறொரு வழங்குநரிடம் வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய வரிகள் தெளிவாகின்றன. சேவையை நிறுத்துவதற்கு முன் எழுத்து மூலம் இத்தனை நாள் அறிவிப்பு. எக்காரணத்தால் நிறுத்தினாலும் தரவை எடுத்துக்கொள்ள இத்தனை நாள் அவகாசம். எல்லோரும் படிக்கக்கூடிய பொது வடிவத்தில் தரவு. வெளியேறிய பின் தரவை அழித்ததற்குச் சான்று. வெளிநாட்டுத் தடை வந்தால் வழங்குநர் முதல் வரியை மீறக்கூடும். அதற்குக் காகிதத்தில் மருந்து இல்லை. ஆகவே முக்கியத் தரவின் ஒரு நகல் வேறொரு வழங்குநரிடமோ சொந்த வட்டிலோ இருக்க வேண்டும். அந்த நகலிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப் இருப்பதாகக் கணக்கில் கொள்ளத்தக்கதன்று.

வெளியேறுவதற்குச் செலவும் ஆகும். தரவை உள்ளே அனுப்பப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. வெளியே எடுக்க உண்டு. பெரிய வழங்குநர்களின் பட்டியலில் ஒரு ஜிபிக்கு ஏறத்தாழ 9 முதல் 11 அமெரிக்க சென்ட் என்ற அளவில் அது இருந்துவருகிறது. 10 சென்ட் என்று கொண்டால், 20,000 ஜிபி தரவை வெளியே எடுக்க 2,000 டாலர், அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடப்புக்கு வந்துள்ளது; அதன்படி வழங்குநரை மாற்றுவதற்கான கட்டணங்கள் 2027 ஜனவரி 12 முதல் முற்றாக நீங்க வேண்டும். 2024இன் முதல் மாதங்களிலேயே கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் மூன்றும், முழுமையாக வெளியேறும் வாடிக்கையாளரிடம் இக்கட்டணத்தை வாங்குவதில்லை என்று அறிவித்தன. முன்கூட்டி விண்ணப்பித்து ஒப்புதல் பெறுவது போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு. பாதித் தரவை மட்டும் வேறிடம் மாற்றுபவருக்கு அது பொதுவாகப் பொருந்தாது. இந்திய நிறுவனம் ஒன்று, பகுதியாக வெளியேறினாலும் கட்டணம் இல்லை என்ற வரியைப் பேச்சின்போதே கேட்டுப் பார்க்க வேண்டும். கையெழுத்தான பிறகு அதைத் தர வழங்குநருக்கு எந்தக் காரணமும் இருக்காது.